எப்பவும் எப்படி இருப்பான்?

அண்ணன் ஏரியிலிருந்து கரையேறி வந்ததும் முதலில் காதுகளைக் கழுவுவான். காலில் சேறு அப்படியே இருக்கும், கையில் இறால் வாடை அப்படியே இருக்கும். வாசலில் அம்மா நிரப்பி வைத்திருக்கும் அலுமினியக் குண்டானிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து வலது காது, இன்னொரு கை எடுத்து இடது காது. மடலின் பின்பக்கம், மேல் வளைவு, துளையின் ஓரம் என்று அவசரமே இல்லாமல் கழுவுவான். அதற்கப்புறம்தான் கால், கை, முகம் எல்லாம். ஏன் இப்படி என்று சின்ன வயதில் நூறு முறை கேட்டிருப்பேன். பதில் வந்ததில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அன்றைக்கெல்லாம் காதில் விழுந்த சத்தத்தைக் கழுவி ஊற்றுகிறான் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன். எழுதும்போது மரியாதைக்கு 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன், அடுத்த தெருக்காரரைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற சின்னக் குப்பம் எங்களுடையது. ஒரு பக்கம் ஏரி, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். அண்ணன் அங்கே யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். பேசுகிறவரின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்ப்பான், அல்லது கையிலிருக்கும் வலைக்கண்ணைப் பார்ப்பான். இயந்திரப் படகு கிட்டே வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். கல்யாண வீட்டு மேளம் என்றால் தோப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவான், சாப்பாட்டு நேரத்துக்குத் தானே வருவான். தட்டில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் தட்டில் கலந்துவிட்டால் எழுந்து போய்விடுவான். இதையெல்லாம் பார்த்து எங்கள் குப்பத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டதில்லை. "அவன் அப்படித்தான்" என்று அம்மா சொல்வாள், ஊரும் அதையே சொல்லும். டீக்கடைப் பூனை ஒன்று அந்நாளில் மீனே தின்னாது. ஊர் முழுக்க மீன் காய்கிற இடத்தில் அது பொறை ரொட்டியை டீயில் நனைத்துப் போட்டால்தான் தின்னும். டீக்கடைக்காரர் நாலு நாள் சிரித்தார், ஐந்தாம் நாள் பொறையை நனைத்துப் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான் அந்த விஷயம்.

நான் படித்துவிட்டுக் கால்நடை ஆய்வாளர் வேலைக்குப் போனேன். மீன்காரன் வீட்டுப் பெண் மாட்டுக்கு ஊசி போடப் போனது குப்பத்துக்குப் பெரிய வேடிக்கை. இறாலுக்குக் காய்ச்சல் வந்தால் உன்னைக் கூப்பிடலாமா என்று கிண்டல் செய்வார்கள். காட்டூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எனக்கு 'ஊசிக்காரம்மா' என்றே பெயர். ஸ்கூட்டரில் பெட்டியை வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயந்திரம்தான் திரும்புவேன். மாட்டைப் பார்த்ததும் எழுத வேண்டிய ஒரு தாள் உண்டு. சூடு, மூச்சு, அசை, சாணம், நடை என்று வரிசையாகக் கட்டங்கள், எதிரே 'இயல்பு' அல்லது 'இயல்பல்ல' என்று போட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் மாட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எப்பவும் எப்படி இருக்கும், இன்றைக்கு என்ன மாற்றம்? பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அதுதான். எனக்கு அது மனப்பாடம். எத்தனையோ கொட்டகை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், பதில் வருவதற்குள் வெப்பமானியை உதறத் தொடங்கியும் இருக்கிறேன்.

இங்கே பாடு என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியில் கழி நட்டு இறாலுக்கு வலை கட்டுகிற இடங்களுக்கு எங்களிடம் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் வந்து விழும், உள்ளே தள்ளிப் போனால் பாசிதான். அதனால் யாருக்கு எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சீட்டில் பெயர் உள்ளவன்தான் ஊருக்கு ஒரு ஆள். பெயர் இல்லாதவன் அடுத்தவன் வலைக்குக் கை கொடுக்கலாம், ஆனால் ஏரியில் தனக்கென்று நிற்க ஒரு கழி கிடையாது, கூட்டத்தில் வாய் திறக்க உரிமையும் கிடையாது. தகப்பன் போனால் மூத்த மகன் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அவனே நேரில் வர வேண்டும். அம்மன் கோயில் எதிரே கொட்டகையில், ஊர் முன்னால் எழுந்து நின்று, முதலில் தகப்பன் பெயரையும் பிறகு தன் பெயரையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் பானைக்குள் கை விட வேண்டும். புதிதாகச் சேருகிறவன் என்றில்லை, வருஷா வருஷம் எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காக அப்பாதான், எங்கள் வாயில் நைனா, எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரோடு வலைக்குப் போவான், சீட்டு நாளில் தோப்புக்குள் போய்விடுவான்.

நைனாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. அவரைத் தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, சவரம் செய்தது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தது எல்லாம் அண்ணன்தான். பாட்டுக்கும் அவன் தனியாகப் போனான். படுத்திருந்தாலும் நைனா இருக்கிறார் என்பதால் அந்தப் பருவத்துக்கு ஊர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசுக்குள் கலவரமாக இருந்தது. நைனா போய், அம்மாவும் போய்விட்டால் இவன் கதி என்ன என்று. நான் அரசாங்க வேலைக்காரி. என் மூளைக்கு எட்டியது ஒரு தாள்தான். அண்ணனைப் பஸ்ஸில் ஏற்றி, டவுனில் நடந்த மாற்றுத்திறனாளி அட்டை முகாமுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒலிபெருக்கி அலறியது, வரிசையில் குழந்தைகள் அழுதன. அவன் காதைப் பொத்திக்கொண்டு என் துப்பட்டா நுனியைப் பார்த்தபடியே மூன்று மணி நேரம் நின்றான்.

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். அண்ணன் பேசவில்லை, அவனுக்குப் பதில் நான் பேசினேன். யாரிடமும் பழகுவாரா? மாட்டார். முகம் பார்ப்பாரா? மாட்டார். அடுத்தவர் மனசு தெரிந்து நடந்துகொள்வாரா? அதெல்லாம் தெரியாது சார். தன் வேலையைத் தானே செய்துகொள்வாரா? அம்மாதான் சோறு போடணும் என்றேன். எங்கள் குப்பத்தில் எந்த ஆம்பிளை தானே சோறு போட்டுச் சாப்பிடுகிறான்? அந்த அளவுகோலில் பார்த்தால் ஊருக்கே அட்டை கொடுக்க வேண்டியிருக்கும். நைனாவுக்கு அவன் சவரம் செய்வதை நான் சொல்லவில்லை. காற்று மாறினால் வலையை எந்தக் கழிக்கு மாற்றிக் கட்டுவான் என்று சொல்லவில்லை. எது கொடுத்தால் அட்டை கிடைக்குமோ அதை மட்டும் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கடைசியில் 'பிறர் துணையின்றி இயங்க இயலாதவர்' என்று ஒரு வரி வந்தது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. ஏதோ சாதித்துவிட்டவள் மாதிரி அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா? அட்டையை ஒரு நகல் எடுத்து ஊர்த் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புயல் மழைக்கு ஏதாவது உதவி வந்தால் முதலில் இவன் பெயரை எழுதட்டும் என்று. தலைவர் அதிகம் படித்தவரில்லை, கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்த பெண் கொண்டுவந்த தாள் என்பதால் மடித்து ஊர்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு மாதத்தில் நைனா தவறிப்போனார். அடுத்த சீட்டு நாள் வந்தபோது பெட்டியைத் திறந்தார்கள். அண்ணன் அன்றைக்குத் தோப்புக்குப் போகவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நைனா வழக்கமாக உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தான் என்று அம்மா பின்னால் சொன்னாள். தலைவர் தாளை எடுத்து வாசித்தாராம். துணையில்லாமல் இயங்க முடியாதவர் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கும்போது, அவனைத் தனியாக ஏரியில் நிற்க வைத்து நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாராம். அதில் தப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு இடம் அந்த வருஷம் சீட்டில் சேரவில்லை. எனக்கு அன்று எளாவூர்ப் பக்கம் தடுப்பூசி முகாம். சாயந்திரம் வந்தபோது வெள்ளைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டபோதும் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. போனால் போகிறது, இனி ஏரியில் நின்று கஷ்டப்பட வேண்டாம், உதவித்தொகை வருகிறது, நான் இருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன்.

அதற்கப்புறம் அவன் பெரியம்மா மகனுடைய வலைக்குக் கை கொடுக்கப் போனான். கூப்பிட்ட நேரத்துக்குப் போனான், சொன்ன கழியைப் பிடித்தான், திரும்பி வந்தான். எப்படி இருக்கிறான் என்று நான் அம்மாவைக் கேட்பேன். "இன்னா, நல்லாத்தான் கீறான்" என்பாள். சாப்பிடுகிறானா? சாப்பிடுகிறான். தூங்குகிறானா? தூங்குகிறான். மாட்டுத் தாளில் இருக்கிற கட்டங்களை மனசிலேயே நிரப்பிவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டிலேயே இருப்பேன், அவன் கரையேறி வருவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காட்டூரில் ஓர் எருமையைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், அந்த ஒரு எருமையை வைத்துத்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அதற்கு என்னவோ சரியில்லை என்றாள். தினமும் பால் கறக்கப் போனால் இவள் இடுப்பில் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் நிற்குமாம், இரண்டு நாளாக முட்டவில்லையாம். நான் சிரித்துவிட்டேன். முட்டாமல் இருந்தால் நல்லதுதானே அம்மா, புத்தி வந்துவிட்டது என்றேன். சூடு பார்த்தேன், விலாவில் கை வைத்து அசை பார்த்தேன், சாணத்தைப் பார்த்தேன், நாலு எட்டு நடக்க விட்டேன். எல்லாக் கட்டத்திலும் இயல்பு என்று எழுதிச் சத்து மருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மூன்றாம் நாள் அந்த எருமை விழுந்துவிட்டது. டாக்டரோடு போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுபோயிருந்தது. அறுத்துப் பார்த்ததில், தீனியோடு விழுங்கிய விரல் நீளக் கம்பி ஒன்று வயிற்றைக் குத்திக்கொண்டு நெஞ்சுப் பக்கம் போயிருந்தது. அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முட்டலனு சொன்னனே மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அதையும் மெதுவாகத்தான் சொன்னாள்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்த வார்த்தைதான். கேள்வியைக் கேட்டவள் நான், பதில் சொன்னவள் அவள், காதில் வாங்காமல் போனதும் நான்தான். உப்பங்கழி ஓரமாக வருகிறேன், தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன, ஒரு குடும்பம் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. எதையோ மறந்துவிட்டு வந்தது போல நெஞ்சில் அரித்துக்கொண்டே இருந்தது. குப்பத்துக்குள் நுழையும்போது அண்ணன் கரையிலிருந்து எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். வாசலுக்குப் போனான். குண்டான் நிறையத் தண்ணீர் இருந்தது. காலைக் கழுவினான், கையைக் கழுவினான், உள்ளே போனான். நான் வண்டியை அணைக்காமல் அப்படியே காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் காதைக் கழுவவில்லை.

அம்மாவைக் கேட்டேன். சீட்டு நாளிலிருந்தே இல்லை என்றாள். அப்போது எனக்கு வந்த அழுகையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வெட்கமும் பாசமும் ஒன்றாக வந்தால் அழுகை நிற்காது போலிருக்கிறது. யார் யார் வீட்டு மாட்டுக்கோ நான் கேட்கிற கேள்வியை என் கூடப் பிறந்தவனுக்கு ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லா மனிதரும் எப்படி இருப்பார்கள் என்பதை ஒரு பக்கம் வைத்து, இவனை மறுபக்கம் வைத்துக் குறைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவன் எப்பவும் எப்படி இருப்பான் என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை, சரி. எனக்குத் தெரியாதா? அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏரியில் நீந்தப் பழகியவள் நான்.

மறுநாள் காலையிலேயே தலைவரைத் தேடிப் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை, ஊர் அவனைத் தப்பாக நினைத்துவிட்டது என்று படபடவென்று ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்தவே இல்லை. "ஊரு எங்க பாப்பா நெனச்சுது? முப்பது வருஷமா அவன் அப்படித்தான்னு நாங்க சும்மா இருந்தோம். அவனால ஆவாதுன்னு பேப்பர் கொண்டாந்து குடுத்தது நீதான?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஊர் முன்னால் வாசித்த தாளை அவர் ஒருவராகக் கிழிக்க முடியாது என்றார். அடுத்த சீட்டு நாளில் நானே வந்து ஊர் முன்னால் சொன்னால் ஊர் கேட்கும், பெண்கள் ஊர்க் கூட்டத்தில் பேசியதில்லை, ஆனால் தாள் கொடுத்தவள் பேசித்தான் ஆக வேண்டும் என்றார்.

அந்தச் சீட்டு நாளுக்கு நாலு மாதம் காத்திருந்தேன். கொட்டகையில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் அல்லது என்னோடு விளையாடியவர்கள். நான் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். மாட்டைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வியைச் சொன்னேன். காட்டூர் எருமையைச் சொன்னேன். டாக்டரிடம் நான் எதைச் சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன். நைனா கடைசி நாள் வரைக்கும் தாடி முள் இல்லாத முகத்தோடு படுத்திருந்ததை நீங்களே வந்து பார்த்தீர்கள், அது யார் கை என்று கேட்டேன். தாளில் இருப்பது பொய் இல்லை, பாதிதான் இருக்கிறது, மீதியைச் சொல்லாதது என் குற்றம் என்றேன். பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

அப்போது எதிர்வீட்டு மாமா எழுந்தார். எங்கள் பாட்டுக்கு அடுத்த பாட்டில் பல பருவம் வலை கட்டியவர், முறை என்றால் முறை என்று நிற்கிற ஆள். தாளைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை, பையன் வேலைக்காரன், அது ஏரிக்கே தெரியும் என்றார். ஆனால் ஊர் முன்னால் எழுந்து தகப்பன் பெயரும் தன் பெயரும் சொல்லித்தான் சீட்டு எடுக்க வேண்டும், ஒருவனுக்கு மட்டும் அதை விட்டுக் கொடுத்தால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு முறை கேட்பான், தங்கச்சி பேசி அண்ணன் எடுக்கக் கூடாது என்றார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகையில் பலர் தலையாட்டினார்கள். தலைவர் அண்ணனைப் பார்த்து, "வாடா, வந்து சொல்லு" என்றார்.

அண்ணன் எழுந்தான். அதே வெள்ளைச் சட்டை. பானைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அறுபது ஜோடிக் கண்கள் அவன்மேல் இருந்தன. அவன் கைகள் மெல்ல மேலே போய்க் காதுகளைப் பொத்திக்கொண்டன. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை, ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அதுதான் கொடுமை. போதும், வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். அவ்வளவு நேரமும் அண்ணனையே முறைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமா சட்டென்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். "டேய், இன்னாத்துக்குடா அவன் மூஞ்சயே பாக்கறீங்க? பாட்டுல நான் அந்தாண்ட பாத்துனு இருந்தா நல்லாப் பேசுவான் அவன், நான் கேட்டுக்கீறன். திரும்புங்க எல்லாம், ஏரிப் பக்கம் திரும்புங்க."

சொல்லிவிட்டு அவரே முதலில் திரும்பினார். இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு அவர்களும் திரும்பினார்கள். துண்டை உதறிக்கொண்டும் கால் மாற்றி உட்கார்ந்துகொண்டும் அந்த அறுபது பேரும் ஏரியைப் பார்த்துத் திரும்பினார்கள். தலைவர் பானையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார். எனக்கு மட்டும் அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தப்பென்று தெரிந்து நானும் திரும்பிக்கொண்டேன். ஏரியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நட்டு வைத்த கழிகள் மேல் நீர்க்காகங்கள் இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தன. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான். அதற்கப்புறம் எங்கள் பின்னாலிருந்து நைனாவின் பெயர் கேட்டது, அதை ஒட்டியே அண்ணன் பெயர். தெளிவாக, ஒரு எழுத்துக்கூட விழுங்காமல். பிறகு அவன் பானைக்குள் கை விடும் சத்தம். எனக்கு நினைவு தெரிந்து அவன் தன் பெயரைத் தானே சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு மாமா திரும்பாமலேயே, "ஊரு கேட்டுச்சு, எழுதிக்கோ" என்றார். அவரை மனசுக்குள் திட்டியதற்கு நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

இதெல்லாம் நடந்து வருஷம் பன்னிரண்டு ஆகிறது. ஒவ்வொரு சீட்டு நாளிலும் எங்கள் வீட்டு முறை வந்தால் ஊர் திரும்பும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கும் பேச்சைக்கூட நிறுத்தாமல் சிலர் திரும்புவார்கள், பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிலர் திரும்புவார்கள். அண்ணன் சொல்வான், எடுப்பான், உட்காருவான். எனக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, அவனுக்கு என்னைவிட அதிகமாக. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, அவளுக்குச் சோறு போடுவது அவன்தான். சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் என்று தன் கணக்கிலேயே போடுகிறான், அவளும் ஒன்றும் சொல்லாமல் அப்படியே சாப்பிடப் பழகிவிட்டாள். தாளில் இயல்பு என்று எழுதுவதற்கு முன் நான் இப்போதெல்லாம் பெட்டியைத் திறக்காமல் கொட்டகை வாசலில் சும்மா நிற்கிறேன். மாட்டுக்காரர்கள் சொல்லி முடிக்க நேரமாகிறது. ஊசிக்காரம்மா முன்னே மாதிரி சுறுசுறுப்பு இல்லை என்று காட்டூரில் பேச்சு.

இந்த வருஷமும் லீவு போட்டுவிட்டுப் போனேன். கொட்டகைக்கு வெளியே பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். புதிதாகச் சேருகிறவன் ஒருவன் இருந்தான், எங்கள் தெருக் கோடி வீட்டுப் பிள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, ஊரிலேயே பெரிய வாயாடி, அவன் இருக்கிற படகுக்கு ரேடியோ தேவையில்லை என்பார்கள். அவன் அப்பா மாசியில்தான் தவறியிருந்தார். தலைவர் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனான். பானை முன்னால் நின்றான். அப்பா பெயரைச் சொல்ல வாய் திறந்தான், முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. மறுபடியும் திறந்தான், அந்த எழுத்தும் வரவில்லை. முகம் கோணிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவும் அவனுக்கு வழியில்லை, ஊரே எதிரில் உட்கார்ந்திருக்கிறது. எப்பவும் வாய் ஓயாத பிள்ளை இப்படி நிற்பதைக் கண்டு எல்லாரும் திகைத்துப்போய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லுடா, ஒண்ணும் இல்லடா" என்று யாரோ சொன்னார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சட்டையை ஒரு இழு இழுத்து நேராக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி நின்றான். எதிர்வீட்டு மாமா அவன் முதுகை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தானும் திரும்பினார். அப்புறம் அவர் பக்கத்தில் இருந்தவர், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தலைவர், கொட்டகை முழுவதும். வெளியே நின்ற பெண்கள் நாங்களும் திரும்பிக்கொண்டோம். அந்தப் பிள்ளை வேண்டுமட்டும் அழுதான். அழுது முடித்து அவன் அப்பா பெயரைச் சொல்லும்வரை அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.